அப்பாவின் கைராசி

காலை நிகழ்ச்சியில் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன்: “உருளைக்கிழங்குக்கு ஏதுங்க விதை? கிழங்கை நட்டா கிழங்கு, அவ்வளவுதான்!”

அடுத்த பாட்டு முடிவதற்குள் ஓர் அழைப்பு. கேமரன் மலையிலிருந்து ஒரு பெரியவர். “தப்பும்மா. பூ பூத்து காயும் காய்க்கும். பச்சைத் தக்காளி மாதிரி சின்னதா இருக்கும், உள்ளே நிறைய விதை. ஆனா வாயில வச்சிடாதீங்க, விஷம்.”

நிகழ்ச்சி முடிந்ததும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அப்பாதான் கண்முன் நின்றார்.

நாங்களும் கேமரன் மலையில் இருந்தவர்கள்தாம். வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் அப்பா உருளைக்கிழங்கு போட்டார். முதல் அறுவடை அமோகம். அதிலேயே கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த முறை நட்டார். போகப் போக இலை சுருண்டது, கிழங்கு சிறுத்தது. “என் கைராசி போயிடுச்சு” என்று மண்வெட்டியைச் சாத்தியவர், பிறகு எதையுமே நடவில்லை.

கிழங்கை நடுவது என்பது பழைய செடியையே மீண்டும் வளர்ப்பது. அதற்கு வைரஸ் நோய் வந்திருந்தால், அதுவும் கிழங்கோடு அடுத்த போகத்துக்கு வந்துவிடும். இலை சுருள்வதும் விளைச்சல் குறைவதும் அதன் அடையாளங்கள். காய்க்குள் இருக்கும் விதைக்கோ பெரும்பாலான வைரஸ்கள் போவதில்லை.

ஒரு ஹெக்டருக்கு ஏறக்குறைய 2 டன் விதைக்கிழங்கு வேண்டும். விதையாக இருந்தால் 100 முதல் 150 கிராம் போதும். பெரு நாட்டின் லிமாவில் 1971-இல் தொடங்கப்பட்ட அனைத்துலக உருளைக்கிழங்கு மையம் இந்த முறையை வளர்த்தெடுத்தது. வடகிழக்கு இந்தியாவின் திரிபுராவுக்கு விதைக்கிழங்கு வெகுதொலைவிலிருந்து வர வேண்டும். அங்கே சிறு விவசாயிகள் விதை போட்டுப் பயிரிட்டிருக்கிறார்கள்.

சிரமமும் உண்டு. நாற்றுவிட்டு, மென்மையான நாற்றைப் பார்த்துப் பார்த்து வளர்க்க வேண்டும். ஒரே காயின் விதைகளும், ஒரு தாய்ப் பிள்ளைகள் மாதிரி, ஒன்றுபோல் இருக்காது. முதல் போகத்தில் கிடைப்பது பெரும்பாலும் சிறு கிழங்கு. அதை அடுத்த போகத்தில் நட்டால்தான் நல்ல அறுவடை.

அன்று மாலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது கிள்ளானில், அடுக்குமாடி வீட்டில் எங்களோடு இருக்கிறார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அப்ப என் கை நல்லாத்தான் இருந்திருக்கு” என்றார்.

கிள்ளான் வெயிலில் உருளைக்கிழங்கு வராது என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் படுக்கப் போகும்முன் கேட்டார்: “அந்தப் பெரியவரு நம்பர் இருக்காம்மா?”