பொங்கலுக்கு மறுநாள்

போன மாதம் ஒரு பிள்ளை என்னைப் பார்க்க மணிமுத்தாறு வந்தாள். புதிதாகப் பணியில் சேர்ந்த கிராம சுகாதார செவிலியர். காப்பியைக் கையில் வாங்கியதுமே குறையைச் சொல்லிவிட்டாள்: "அம்மா, வீட்டுக்குப் போய்க் கேட்டா யாருமே வாயைத் திறக்க மாட்டேங்காவ."

என்ன கேட்பாய் என்றேன். கைபேசியை எடுத்து வரிசையாக வாசித்தாள். பெயர், வயது, எத்தனையாவது பிரசவம், கடைசி மாதவிலக்குத் தேதி... வாசித்து முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் அப்படித்தான் இருந்தேன். அன்று கையில் பதிவேடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சேர்ந்தது 1986-ல். அதற்கு முந்தின வருஷம்தான் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் நாட்டில் தொடங்கியிருந்தது. விடியுமுன் குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவோம். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று மேலே போகப் போக மழையும் அட்டையும் கூடும். எனக்கு மூத்த அக்கா ஒருத்தி சொல்லிக்கொடுத்த முதல் பாடம் ஐஸ் பாக்கெட்டைப் பற்றியது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே பெட்டியில் வைக்கக் கூடாது. கொஞ்ச நேரம் வெளியே கிடக்கட்டும். பிறகு காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது இன்னும் கல். பக்கத்தில் இருக்கும் முத்தடுப்பு மருந்து உறைந்து வீணாகிவிடும். பிறகு எத்தனை பிள்ளைக்கு ஊசி போட்டாலும் பயனில்லை.

ஐஸ் பாக்கெட்டைக் கேட்கப் பழகினேன். மனுஷரைக் கேட்கப் பழக இன்னும் சில வருஷம் ஆனது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, ஆறு மாதக் கர்ப்பம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம். கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் அதே 8. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மாத்திரையத் தூர எறியுதியா?" என்று லைன் வீட்டு வாசலில் நாலு பேர் முன்னால் ஏசிவிட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளேயிருந்து மாமியார்தான் வந்தாள். "எம் முன்னாலதான் முழுங்குதா நர்சம்மா. தெனமும் தேயிலைத் தண்ணி வச்சுத்தான் முழுங்குதா."

அங்கேதான் இருந்தது விஷயம். தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. குளிருக்கு நாளெல்லாம் தேயிலைத் தண்ணி குடிக்கும் ஊரில் அந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை. மறு மாதமும் போனேன். மாத்திரைக்கும் தேயிலைக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடு, எலுமிச்சம்பழத் தண்ணீரோடு முழுங்கு என்று சொல்லி, ஏசியதற்கு அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். வாசலில் வைத்துத்தான் கேட்டேன். ஏசியதும் வாசலில்தானே.

அதற்குப் பிறகு மாதவிலக்குத் தேதி கேட்பதையும் மாற்றிக்கொண்டேன். தேதி கேட்டால் தெரியாது என்பார்கள். கோயில் கொடை கழிந்தா முந்தியா, சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக்குப் போனபோது குளித்திருந்தாயா என்று கேட்டால் பளிச்சென்று பதில் வரும். காரையாறு அணையைப் படகில் தாண்டி, காட்டுக்குள் நடந்து போக வேண்டிய இஞ்சிக்குழி காணிப் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த பெண் ஒருத்தி, "பொங்கலுக்கு மறுநாள் தூரமானேன்" என்றாள். ஜனவரி 16. ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி அக்டோபர் 23. ஐப்பசி முதல் வாரம், அடைமழை பிடிக்கிற நேரம். அன்றைக்கு அணைத் தண்ணீரில் படகு போகுமா என்று யாருக்குத் தெரியும்? புரட்டாசியிலேயே அவளைக் கீழே சொந்தக்காரர் வீட்டில் கொண்டுவந்து வைத்தோம். வலி எடுத்தபோது மேலே கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அம்பாசமுத்திரத்தில் இருந்தாள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987-ல் 300 ரூபாயில் தொடங்கி இன்று 18,000 ஆகியிருக்கிறது. 2008 முதல் 108 வண்டி வருகிறது. சில மலை ஊர்களில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்க அறையும் உண்டு. எல்லாம் நல்லதுதான். ஆனால் பாலத்துக்கு மேல் தண்ணீர் போனால் வண்டி அக்கரையில்தான் நிற்கும். தேதியையும் மழையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீதான் என்றேன்.

கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். "இப்ப எங்க இருந்து தொடங்கட்டும்?"

2024-ல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் மூடிய பிறகு பல குடும்பங்கள் மலையிறங்கி வந்திருக்கின்றன. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறதோ. அந்த வீடுகளில் இருந்து தொடங்கு என்றேன். போனதும் அட்டையைக் கேட்காதே. திண்ணையில் உட்கார். மேலே எந்தப் பக்கம், நாலுமுக்கா ஊத்தா என்று கேள். அவர்கள் மழையில் தொடங்குவார்கள், பிறகு வேலை, பிறகு வீடு. கொஞ்சம் நேரமாகும். தேயிலைத் தண்ணி கொடுத்தால் குடி.