காவலூரில் மேகம்

பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் போன வாரம் வந்திருந்தார். அவர் பேரனைப் பள்ளியில் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறார்களாம். "அவ்வளவு பணம் கட்டி அனுப்பினா, அஞ்சு நாள்ல பையன் என்னத்த சார் கத்துக்கப் போறான்?" என்றார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அவர் போன பிறகுதான், 2019 பிப்ரவரியில் நம் ஜவ்வாது மலைக்கு வந்த ஒரு வெளிநாட்டுப் பள்ளிச் சுற்றுலா நினைவுக்கு வந்தது.

என் மகள் குடும்பம் பாரிசுக்குப் பக்கத்தில் இருப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பேத்திக்கு அப்போது பதினான்கு வயது. அவள் வகுப்புப் பிள்ளைகள் பதினாறு பேரும் ஆசிரியர்கள் இருவரும் புதுச்சேரிக்கு வந்து, அங்கிருந்து இரண்டு நாள் மலைக்கு வருவதாக ஏற்பாடு. அந்த ஆண்டு அவர்கள் எடுத்துக்கொண்ட பாடம் வானவியல். ஆகவே காவலூர். போளூரில் என் தாத்தா இருக்கிறார், அவருக்கு பிரெஞ்சு தெரியும் என்று பேத்தி சொல்லிவிட்டாள். மொழிபெயர்க்க ஆள் கிடைத்தது என்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் பிரெவே வரை படித்தவன். வகுப்பில் வாய்தவறித் தமிழ் பேசினால் மூலையில் நிற்க வேண்டும். வேலைக்குப் போன பிறகு கோப்புகள் ஆங்கிலம். பிழையில்லாமல் தமிழில் ஒரு மனு எழுத எனக்கு முப்பது வயது ஆயிற்று. அப்படிப்பட்ட நான் என் மகளுக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "பிரெஞ்சை நல்லாப் படி, பொழைச்சுக்கலாம். தமிழ் எங்க ஓடிடப் போவுது?" என்றேன். இது பின்னால் வரும்.

முதல் நாள் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கற்திட்டைகளைப் பார்த்தோம். பலகைக் கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த பெருங்கற்காலச் சின்னங்கள். மலை மக்கள் இவற்றைக் குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்பார்கள். அந்தப் பிரெஞ்சு ஆசிரியை அப்படியே நின்றுவிட்டார். அவருடைய ஊர் பிரான்சின் மேற்கே பிரெத்தாஞ். அங்கேயும் இதே மாதிரி கற்கள் உண்டு, அங்கேயும் குள்ளர்கள் கட்டியதாகக் கதை உண்டு என்றார். பிள்ளைகள் நோட்டில் வரைந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிறகு ஒரு மலைக் கிராமத்தில் வேனை நிறுத்தினோம். ஒரு வீட்டு வாசலில் அம்மாவும் மகளுமாக உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். மகள் ஒன்பதாம் வகுப்பு. வெள்ளைக்காரப் பிள்ளைகளை விட்டுவிட்டு நேரே என் பேத்தியிடம் வந்தாள். "உம் பேரு இன்னா? நீ நம்ம ஊர்ப் பொண்ணா?" என்று கேட்டாள்.

பேத்திக்குப் புரிந்தது. பதில் வரவில்லை. கூட வந்த பிள்ளைகள் எல்லாரும், இவள்தானே தமிழச்சி, இப்போது பேசப் போகிறாள் என்று காத்திருந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண், "ஏன் தாத்தா, உங்க பேத்திக்குத் தமிழ் வராதா?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வேனில் ஏறியதும் பேத்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்குக் காரணம் அவளும் இல்லை, அவள் அம்மாவும் இல்லை. தமிழ் எங்கேயும் ஓடவில்லை. அது உரலடியில்தான் இருந்தது. நாங்கள்தான் ஓடிவிட்டோம்.

மறுநாள் சனிக்கிழமை. மாலையில் காவலூர் போய்ச் சேர்ந்தோம். 1972 முதல் இயங்கும் ஒரு மீட்டர் தொலைநோக்கி, யுரேனஸ் கோளின் வளையங்களை 1977 மார்ச்சில் கண்ட இடங்களில் காவலூரும் ஒன்று, இராமானுஜன் பெயர் கொண்ட சிறுகோளை 1988இல் கண்டது இங்கேதான், 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது என்று அத்தனையையும் மொழிபெயர்த்தேன். இருட்டியதும் வானத்தைப் பார்த்தோம். ஒரு நட்சத்திரம் இல்லை. பிப்ரவரியில் வரக்கூடாத மேகம், வந்து உட்கார்ந்துவிட்டது.

எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த பிள்ளைகள். முகங்கள் வாடிப்போயின. அப்போது நான் அவர்களுக்கு அவர்கள் நாட்டுக்காரர் ஒருவரின் கதையைச் சொன்னேன். லெ ஜான்தி என்ற வானவியலாளர், வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியில் பார்ப்பதற்காக 1760இல் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் சரியாக அளக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்பு எட்டு ஆண்டு கழித்துத்தான். இந்தப் பக்கமே தங்கிக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில், எல்லாம் தயார். மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771இல் ஊர் திரும்பினால், அவர் செத்துப்போனதாக எண்ணி உறவினர்கள் சொத்தைப் பங்கு போடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். "அப்படியானால் அவர் வந்ததே வீண்தானா?" என்று ஒரு பையன் கேட்டான்.

இல்லை என்றேன். காத்திருந்த நாட்களில் அவர் நம் பஞ்சாங்கக் கணக்கைக் கற்றார். இங்குள்ளவர்கள் பேனா பென்சில் இல்லாமல் சோழிகளை நகர்த்திக் கிரகணம் கணிப்பதைப் பார்த்து வியந்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் ஐரோப்பிய அட்டவணைக் கணக்கு 68 விநாடி பிசகியது. தமிழ்க் கணக்கு பிசகியது 41 விநாடிதான். அதை மறைக்காமல் தன் நூலில் எழுதி வைத்தார். பார்க்க வந்ததைப் பார்க்கவில்லை. பார்க்க நினைக்காததைக் கற்றுக்கொண்டு போனார்.

பேத்தி எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை இறங்கும்போது, அந்தக் கிராமத்தில் வேனை நிறுத்த முடியுமா என்று ஆசிரியையிடம் கேட்டாள். அவளே தனியாக இறங்கிப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. பத்து நிமிடம் கழித்து வந்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் பெயர் குண்டு குண்டாகத் தமிழில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவளே பார்த்து எழுதியது. ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. நான் சொல்லவில்லை. ஒரு கைப்பிடி சாமையும் காகிதத்தில் மடித்து வாங்கி வந்திருந்தாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் நான் அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். தேர்வு நாட்களில் நின்றுபோகும். மறுபடி தொடங்கும். ஒருநாள், "தாத்தா, சாமைக்குப் பிரெஞ்சில் என்ன?" என்று கேட்டாள். எல்லாச் சிறுதானியத்துக்கும் அங்கே மியே என்று ஒரே சொல்தான் எனக்குத் தெரியும். வரகும் அதுதான், தினையும் அதுதான்.

"சாமைன்னே எழுதிக்கோ கண்ணு," என்றேன்.

நண்பருக்கு நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். பணத்தைக் கட்டுங்கள். ஆனால் என்ன கற்றுக்கொண்டாய் என்று பையன் வந்து இறங்கிய அன்றே கேட்காதீர்கள்.