தேயாத பிரேக்கின் சத்தம்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் மதுரை தல்லாகுளத்தில் எங்கள் பட்டறைக்கு வரும் மின்சார கார்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: பிரேக்கில் சத்தம். ஓட்டி வருகிறவர் இறங்கும்போதே, "பேட் போச்சுண்ணே, மாத்திவிட்ருங்க" என்கிறார். வீலைக் கழற்றினால் பேட் தடிமன் குறையாமல் இருக்கிறது. பெட்ரோல், டீசல் வண்டியில் பழகிய கணக்கு இங்கே செல்லாது. அங்கே பிரேக் கத்தினால் தேய்ந்துவிட்டது என்று பாதி முடிவுக்கு வந்துவிடலாம். மின்சார காரில் பிரேக் கத்துவது பெரும்பாலும் அதற்கு வேலை கொடுக்காததால்தான்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஓடும் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. ரீஜென் என்கிறோமே, அதுதான். வண்டி அதிலேயே இழுத்துப் பிடிக்கப்பட்டு வேகம் குறைகிறது. நத்தம் சாலை மேம்பாலத்தின் 7.3 கிலோமீட்டரையும் பிரேக் பெடலைத் தொடாமலே ஓட்டிவிடலாம். ஆனால் டிஸ்க் வார்ப்பிரும்பு. ஒரு ராத்திரி மழை போதும், காலையில் செம்பழுப்பாகத் துரு படர்ந்திருக்கும். பெட்ரோல் வண்டியில் கோரிப்பாளையம் சிக்னல் போய்ச் சேர்வதற்குள் நாலு தடவை பிரேக் மிதித்து அந்தத் துரு வழித்துக்கொண்டு போய்விடும். இங்கே அது அப்படியே தங்குகிறது. சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டத்தால் நாலைந்து நாள் வெளியே எடுக்காமல் நிறுத்திய வண்டியும் இதே நிலையில்தான் வரும், அந்த நேரம் ஒரு கோடை மழை பெய்திருந்தால்.

இன்னொன்று, இன்ஜின் சத்தம் இல்லை. முன்பெல்லாம் இன்ஜின் இரைச்சலுக்குள் மறைந்திருந்த சின்னச் சின்ன முனகல் எல்லாம் இப்போது ஓட்டுபவர் காதில் நேராக விழுகிறது. அதனால் வருகிற எல்லாச் சத்தமும் கோளாறு இல்லை. ஆனால் கேட்காமல் எதையும் ஒதுக்கவும் கூடாது.

நான் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, நீளமான மதில் ஓரமாக மெதுவாகப் போகச் சொல்வேன். மதிலில் பட்டுத் திரும்பும் சத்தம், எந்தச் சக்கரம் என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். பிறகு ரீஜெனை முழுசாக வைத்து, பெடலைத் தொடாமல் வேகம் குறைக்கச் சொல்வேன். அடுத்து ரீஜெனைக் குறைத்துவிட்டுப் பெடலை மிதிக்கச் சொல்வேன். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பேட், டிஸ்க் பக்கம். மிதிக்காமல் ரீஜெனிலேயே உறுமினால் கியர்பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப 'உம்' கூடிக் குறைந்தால் அது வீல் பேரிங். பிரேக்கைப் பிரித்துப் பயனில்லை. விடாமல் கரகரவென்று உரசினால் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் சிறு கல் மாட்டியிருக்கும், அல்லது தகடே வளைந்திருக்கும். மெல்லிய 'கீச்' மட்டும் வேறு வகை: பேட் டிஸ்க்கைப் பிடித்தும் விட்டும் நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அதிர்கிறது.

எப்போது வருகிறது என்றும் கேட்பேன். "காலைல வீட்ல இருந்து கிளம்புறப்ப மட்டும்ணே" என்றால், ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டிருப்பார். பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருந்தால் ரீஜெனுக்குப் போக இடமில்லை. அந்தக் கொஞ்ச தூரம் டிஸ்க் பிரேக்தான் பாரத்தைத் தாங்கும், சத்தமும் அப்போதுதான் கேட்கும். கொடைக்கானல் விடுதியில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறவர்களுக்கு இது சத்தத்தோடு நிற்காது. பிரேக் சூடேறி, பேட்டின் முகம் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். இறங்கும் வழிக்கு 80 சதவீதம் தாராளம்.

பிரித்த பிறகு நேரம் எடுப்பது சுத்தம் செய்வதுதான், இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான். பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பர் இரண்டு பின்களில் முன்னும் பின்னும் நகர வேண்டும். பயன்பாடு குறைந்தால் கிரீஸ் காய்ந்து பின் இறுகிக்கொள்ளும். அப்புறம் ஒரு பக்கப் பேட் மட்டும் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். வண்டி ஓடி வந்ததும் நாலு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால், எது அதிகம் சுடுகிறதோ அங்கேதான் இறுக்கம். ஒரு சார்ஜுக்கு ஓடும் தூரம் குறைகிறது என்ற புகாரும் இதனால் வருவதுண்டு. பின்னைத் துடைத்து, ரப்பருக்கு ஆகும் சிலிக்கான் கிரீஸ் மட்டும் பூச வேண்டும். சாதாரண கிரீஸ் பூசினால் ரப்பர் உறை ஊதிப்போய் மறுபடி பின் பிடிக்கும். பேட்டின் காதுகள் உட்காரும் இடத்தில் துரு ஏறியிருந்தால் கம்பி பிரஷ் போட்டு, பேட் விரலால் தள்ளினாலே நகரும் அளவுக்குத் தேய்க்க வேண்டும். பேட்டின் முகத்தில் பளபளப்பு லேசாக இருந்தால் எமரி பேப்பரில் தேய்த்து எடுத்துவிடலாம். தூசியை ஏர் வைத்து ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லிப் பையன்களைக் கண்டிக்கிறேன், அது நுரையீரலுக்குப் போகும் தூசி.

டிஸ்க்கை உடனே லேத்துக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. எவ்வளவு தடிமன் வரை ஓடலாம் என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். துரு மேலாக இருந்தால் பிரேக் மிதித்தே எடுத்துவிடலாம். குழி விழுந்திருந்தால் மாற்றுவதே சரி. பின்பக்கம் எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டியில் ஸ்கேனர் வைத்து சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே பிஸ்டனைத் தள்ள வேண்டும்.

பின் சக்கரத்தில் டிரம் இருப்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். 2020-ல் வந்த நெக்ஸான் மின்சார காரில் பின்னால் டிரம்தான். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 வண்டிகளில் வேண்டுமென்றே டிரம் வைத்தார்கள். மூடிய டிரம்முக்குள் மழையும் சேறும் எளிதில் புகாது. குறைவாக வேலை செய்யும் பிரேக்குக்கு அது பொருத்தமான ஏற்பாடு. உள்ளே சேரும் தூசியைத் துடைத்து, ஷூ உரசும் இடங்களில் துளி கிரீஸ் வைத்தால் அதன் முனகலும் அடங்கிவிடும்.

மாட்டி முடித்ததும் ரீஜெனைக் குறைத்து, கூட்டமில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துக்குக் கொண்டுவந்து, இடையில் ஆற விட்டு, சில தடவை அழுத்தி மிதித்துப் பார்ப்பேன். வண்டிக்காரரிடமும் வாரம் ஒரு நாள் அப்படி ஓட்டச் சொல்கிறேன். வாட்டர் வாஷ் முடித்து நேரே ஷெட்டில் நிறுத்த வேண்டாம், ஒரு சுற்று ஓட்டிப் பிரேக்கைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள் என்கிறேன். பிரேக் ஆயில் கணக்கு மட்டும் வேறு. பெடலை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பேட் புதுசாக இருந்தாலும் கையேட்டில் சொன்ன காலக்கெடுவில் மாற்றியே ஆக வேண்டும்.