வெளிச்சத்தை விலைக்கு வாங்குமுன்

திருச்சியில் பசுமைக்குடில் போட்டிருப்பவர் யாராவது, காய்கறி நாற்றுக்கு எந்த க்ரோ லைட் வாங்கலாம் என்று கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: வாங்காதீர்கள். ஸ்ரீரங்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் தளத்தில், வடக்குப் பார்த்த பால்கனியை வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பவருக்குப் பதில் வேறு. இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே கத்தரி விதைதான். இருக்கிற வெளிச்சம்தான் வேறு. அதை அளக்காமல் விளக்குக் கடைக்குப் போகக்கூடாது.

இந்த க்ரோ லைட் வழக்கம் நெதர்லாந்து மாதிரியான ஊர்களில் வேரூன்றியது. ஆம்ஸ்டர்டாமில் டிசம்பர் மாதப் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. அந்தப் பகலிலும் சூரியன் தாழ்வாகப் படுத்துக் கிடக்கும், மேல் பாதி நாள் மேகம். கண்ணாடிக் குடிலுக்குள் தக்காளி நாற்று வேண்டுமென்றால் விளக்குப் போட்டே ஆக வேண்டும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகைகூட இல்லை. மார்கழியில் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரம். ஆனியில் மிக நீண்ட பகல் ஏறக்குறையப் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். வருஷம் முழுக்க வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

உச்சிவேளையில் மொட்டைமாடியில் லக்ஸ் மீட்டரைப் பிடித்தால் ஒரு லட்சம் காட்டும். ஐம்பது சதவீதப் பச்சை வலைக்கு அடியில் பிடித்தால் ஐம்பதாயிரம். அதே மீட்டரை வீட்டுக் கூடத்தில், பகலில், ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள்: முந்நூறு, நானூறு என்று நிற்கும். நம் கண் இந்த இரண்டு இடத்துக்கும் அனாயாசமாகப் பழகிக்கொள்வதால் வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. செடிக்கு உறைக்கும். கூடத்தில் இருக்கும் நாற்று வலைக்கு அடியில் இருப்பதைப்போல நூறில் ஒரு பங்குகூடச் சாப்பிடவில்லை என்று அர்த்தம்.

விஞ்ஞானிகள் இதை இன்னும் சரியாகக் கணக்குப் போடுகிறார்கள். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. இலை உண்பது ஒளித்துகள்களை. ஒரு நாளில் ஒரு சதுர மீட்டரில் எத்தனை மோல் ஒளித்துகள் விழுகிறது என்பதுதான் செடியின் சாப்பாட்டுக் கணக்கு. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று திடமாக வளர நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து மோல் போதும். திருச்சித் திறந்தவெளியில் வருஷச் சராசரியே ஏறக்குறைய நாற்பது. வலையில் பாதியை வடித்தாலும் இருபது மிச்சம். இந்த வானத்துக்குக் கீழே விளக்கை மாட்டுவது காசைக் கரியாக்குவது.

நம் பக்கத்துக் குடில்களின் கஷ்டம் வெப்பம். சித்திரை, வைகாசியில் வெளியே நாற்பது டிகிரி அடிக்கும்போது நான்கு பக்கமும் மூடிய பாலித்தீன் குடிலுக்குள் நிற்க முடியாது. அதனால்தான் நாற்று உற்பத்தி செய்கிறவர்கள் பெரும்பாலும் நிழல்வலைக்குடிலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் மட்டும் வலைக்கடியில் வெளிச்சம் குறையும், நாற்று கொஞ்சம் நீளும். அதற்கும் விளக்கு வேண்டாம். வலையைச் சுருட்டி ஏற்றும்படி கட்டி, மூட்டம் போட்ட நாளில் ஏற்றிவிட்டால் சரியாகிவிடும். மேலே பாலித்தீன் தாள் போட்டவர்கள் அதில் படிந்திருக்கும் புழுதியையும் பாசியையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கழுவ வேண்டும். அழுக்கு ஏறிய தாள் விழுங்கும் வெளிச்சத்தை எந்த எல்இடியும் அத்தனை மலிவாகத் திருப்பித் தராது.

வெளிச்சம் இல்லாமல் செடி என்ன ஆகும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் படித்துறைக்குப் பெண்கள் எடுத்து வரும் முளைப்பாரியைக் கிட்டே நின்று பார்த்திருப்பீர்கள். ஒரு சாண் உயரத்துக்கு, நெருக்கமாக, எலுமிச்சை மஞ்சளில் நிற்கும் பயிர். இருட்டறையில் வைத்து வளர்த்ததால் வந்த நிறம் அது. பச்சையம் உருவாக வெளிச்சம் வேண்டும். அது வரும்வரை விதையில் இருக்கும் இருப்பை எல்லாம் தண்டை நீட்டுவதிலேயே முளை செலவழிக்கிறது, எங்கேயாவது மேலே வெளிச்சம் இருக்கும் என்று தேடி. பயறுக்குக் கையிருப்பு அதிகம், அதனால் காவிரியில் விடும் நாள்வரை தாக்குப்பிடிக்கும். கத்தரி விதை பயற்றைவிட மிகச் சிறியது. அதன் இருப்பு நாலைந்து நாளில் தீர்ந்துவிடும். முளைப்பாரிக்கு அழகு தரும் நீளமும் வெளிறலும் கத்தரி நாற்றுக்கு வந்தால், நூல் மாதிரித் தண்டோடு இரண்டு வித்திலையைச் சுமக்க முடியாமல் சாயும். ஈரம் கொஞ்சம் கூடினால் அடித்தண்டில் நாற்றழுகல் பிடித்து, இரவோடு இரவாகத் தட்டே காலியாகும்.

ஸ்ரீரங்கத்து வீடுகளில் ஒரு காலத்தில் நாற்றுக்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. முற்றத்தில் வெயில் நேராக இறங்கும், கொல்லையில் கிணற்றடி இருக்கும். உத்திர வீதி, சித்திரை வீதியிலேயே அந்த வீடுகள் பல இன்று குடியிருப்புகளாகிவிட்டன. காய்கறி போடும் ஆசை மட்டும் போகவில்லை. எதிர் ஃபிளாட் மாமி ஒரு நாள், "நாத்துக்குன்னு ஒரு ஊதா லைட் விக்கறாளாமே, அதை வாங்கிப் போட்டா மிளகாய் வந்துடுமா?" என்று கேட்டார். "வரும் மாமி. ஆனா ஊதா லைட் வேண்டாம்" என்றேன்.

ஊதாவுக்குக் காரணம் இருக்கிறது. பச்சையம் அதிகமாகப் பிடித்துக்கொள்வது சிவப்பையும் நீலத்தையும். அந்த இரண்டை மட்டும் கொடுத்தால் மின்சாரம் வீணாகாது என்று யோசித்து அப்படிச் செய்தார்கள். நீல எல்இடியைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்த நீலத்தின்மேல் பாஸ்பர் என்னும் ஒளிர்பொருள் பூசித்தான் இன்று நம் வீட்டு வெள்ளை எல்இடி எரிகிறது. ஆகவே சாதாரண வெள்ளை ட்யூபிலேயே நாற்றுக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் உண்டு, பச்சையும் உண்டு. பச்சையை இலை ஒதுக்கித் தள்ளுகிறது என்று நினைப்பது சரியில்லை. கணிசமான பங்கை அதுவும் பயன்படுத்திக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், ஊதா வெளிச்சத்தில் இலை கறுத்துத் தெரியும். மஞ்சள் பாய்கிறதா, அடியில் பேன் பிடித்திருக்கிறதா என்று ஒன்றும் புலப்படாது. பயிர் வைப்பவனுக்கு இலையின் நிறம்தான் பேச்சு. அதைக் கேட்க முடியாத விளக்கு எனக்கு வேண்டாம்.

மலைக்கோட்டை அடிவாரக் கடைவீதியில் எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் நாலடி, இருபது வாட்ஸ் எல்இடி ட்யூப் கிடைக்கும். பெட்டியில் வாட்ஸைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது லூமென்ஸ். இரண்டாயிரம் லூமென்ஸ் இருந்தால் நல்ல ட்யூப். நாலடிக்கு இரண்டடி இரும்பு ரேக் ஒன்றின் ஒரு தட்டில் தொண்ணூற்றெட்டுக் குழி உள்ள குழித்தட்டு நான்கு வைக்கலாம். அதற்கு மேலே இப்படி ஆறு ட்யூப், நாற்றின் நுனியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், நாற்று வளர வளர ஏற்றிக் கட்டும்படி. சுற்றிலும் வெள்ளைத் தாள். இவ்வளவு செய்தால் பன்னிரண்டாயிரம் லக்ஸ் பக்கம் வரும். பதினாறு மணி நேரம் எரிந்தால் பத்து மோல் கிடைக்கும், நாற்றுக்குப் போதும். கூரையில் மாட்டிய ட்யூபால் இது ஆகவே ஆகாது. தூரம் கூடக் கூட வெளிச்சம் சிதறிப் போகும். இருபத்துநாலு மணி நேரமும் எரியவிட்டால் சீக்கிரம் வளருமே என்று ஆசைப்படவும் வேண்டாம். இருட்டே இல்லாவிட்டால் தக்காளி இலை வெளிறிக் கருகும். ஒரு டைமர் போட்டுவிடுங்கள்.

இனிச் செலவு. ஆறு இருபது நூற்றிருபது வாட்ஸ். பதினாறு மணி நேரத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். வீட்டு இணைப்புக்கு அரசு தரும் இலவச யூனிட்டில் பெரும்பங்கு இந்த ஒரு தட்டிலேயே போய்விடும். இவ்வளவும் செலவழித்து நாம் கொடுப்பது, அதே அளவு மொட்டைமாடித் தரையில் அன்றாடம் சும்மா விழுந்து வீணாகும் வெளிச்சத்தில் கால் பங்கு.

செயற்கை வெளிச்சத்தில் கன்று வளர்ப்பதைத் திருச்சியில் தினசரி வேலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது காய்கறியில் இல்லை, வாழையில். தோகைமலை சாலையில், தாயனூரில் 1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திசு வளர்ப்பில் பெயர் பெற்றது. திசு வளர்ப்பு அறையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வரிசை வரிசையாக ரேக், ஒவ்வொரு தட்டிலும் ட்யூப் லைட், அடியில் கண்ணாடிக் குப்பிகள், குப்பிக்குள் விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேல் என்று வாழைக்கன்று. இருபத்தைந்து டிகிரி குளிர்ச்சி, பதினாறு மணி நேர வெளிச்சம், எட்டு மணி நேர இருட்டு. இதைப் பார்த்துவிட்டு வீட்டில் அதேபோல் ரேக் போட்டவர்களை எனக்குத் தெரியும். நாற்று நீண்டு சாய்ந்ததும் விதையைக் குறை சொன்னார்கள்.

குப்பிக்குள் இருக்கும் ஊடகத்தை அவர்கள் கவனிக்கவில்லை. முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962இல் வெளியிட்ட உப்புக் கலவைதான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் அடிப்படை. அதில் லிட்டருக்கு முப்பது கிராம் சர்க்கரை சேர்க்கிறார்கள். குப்பி வாழை அந்தச் சர்க்கரையை உறிஞ்சித்தான் வளர்கிறது, வெளிச்சத்திலிருந்து சமைத்துக்கொள்வது கொஞ்சம்தான். அதனால் இரண்டாயிரம், மூவாயிரம் லக்ஸிலேயே அதற்கு நடந்துவிடுகிறது. தென்னைநார்க் கழிவில் முளைக்கும் தக்காளிக்குச் சர்க்கரை கொடுப்பார் இல்லை. அது முழுச் சாப்பாட்டையும் வெளிச்சத்திலிருந்தே எடுத்தாக வேண்டும்.

சாப்பாட்டுக்கு மட்டுமில்லாமல், செய்தி சொல்லவும் வெளிச்சம் உண்டு. மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர். சாரமா முனிவர் நந்தவனம் வைத்துப் பூசித்த பூ என்று தலபுராணம் சொல்லும் அந்தச் செவ்வந்தி, பகல் நீளத்தை அளந்து பூப்பது. இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். நம் ஊர் இரவு அதற்கு எப்போதும் நீளமானதால் காம்பு நீளுமுன்பே பூத்துவிடும். நீளக் காம்புப் பூ வேண்டுமென்று ஓசூர்ப் பக்கத்துக் குடில்களில் நடுநிசியில் சில மணி நேரம் பல்பு எரிய விடுகிறார்கள். அதற்கு நூறு லக்ஸ் அளவு வெளிச்சமே போதும். பகல் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்பது 1920இல் கார்னர், அல்லார்டு என்ற அமெரிக்கர்கள் புகையிலையிலும் சோயாவிலும் கண்டு சொன்ன உண்மை. செவ்வந்தித் தோட்டத்து பல்பைப் பார்த்துவிட்டு அதுவே கத்தரி நாற்றையும் வளர்க்கும் என்று நம்பிவிடக் கூடாது. பூவைத் தள்ளிப்போடும் வெளிச்சம் வேறு, இலைக்குப் பசியாற்றும் வெளிச்சம் வேறு.

விளக்கில் வளர்ந்த நாற்றை அப்படியே எடுத்துத் திருச்சி வெயிலில் வைத்தால் அரை நாளில் இலை வெளுத்துக் கருகும். குப்பியிலிருந்து வரும் வாழைக்கன்றை முதலில் ஈரப்பதம் நிறைந்த குடிலிலும், பிறகு நிழல்வலையிலும் வாரக்கணக்கில் பழக்கித்தான் வயலுக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ரேக் நாற்றுக்கும் ஒரு வாரம் வேண்டும்: முதலில் காலை வெயில் மட்டும் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, பிறகு வலைக்கடியில் முழு நாள். ஆக, விளக்கு வாங்கினாலும் கடைசியில் மொட்டைமாடிக்குப் போகாமல் முடியாது.

போக முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஸ்ரீரங்கத்திலும் தில்லைநகரிலும் பல குடியிருப்புகளில் மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். கசியும், குப்பை சேரும் என்பது சங்கத்தாரின் பயம். நியாயமான பயம்தான், ஆனால் அது பெரிய தொட்டிகளுக்குப் பொருந்தும். குழித்தட்டு நனைந்தாலும் சில கிலோதான். ஒரு பெஞ்சின் மேல் வைத்தால் தரையில் ஈரம் தங்காது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பத்தடிக்குப் பத்தடி பச்சை வலை போதும். ஒரே குழித்தட்டில் தக்காளியும் கத்தரியும் மிளகாயுமாக முழுக் குடியிருப்புக்கும் நாற்று வந்துவிடும். தக்காளி இருபத்தைந்து நாளில், கத்தரி ஒரு மாதத்தில், மிளகாய் நாற்பது நாளில் எடுத்து நடலாம். பால்கனியில் நாலு மணி நேரம் வெயில் விழும் வீட்டுக்காரர்கள் எடுத்துப்போய் நட்டுக்கொள்வார்கள்.

சங்கச் செயலாளர்களாக இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஆடிப்பட்டம் வருமுன் ஒரு கூட்டத்தில் இதைப் பேசி, வலைக்கும் பெஞ்சுக்கும் இடம் ஒதுக்கிக் கொடுங்கள். மாடிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள். வெயில் ஏறுமுன், காலை எட்டு மணிக்குள் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.