கரண்ட் சின்னவள் கையில்

டிசம்பர் 3, 2023, ஞாயிறு

மதியத்திலிருந்து மழை விடவில்லை. புயலுக்கு மிக்ஜாம் என்று பெயர், மியான்மர் கொடுத்ததாம். நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்ற செய்தி வந்ததும் பெரியவன் சோபாவில் ஏறிக் குதித்தான். பிள்ளைகள் அகராதியில் புயல் என்றால் லீவு. பக்கெட், அண்டா, குடம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன். வேளச்சேரியில் குடியிருப்பவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிசம்பர் 4, திங்கள்

விடியும்போதே கரண்ட் இல்லை. தெருத் தண்ணீர் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, கீழ் வீட்டு வாசற்படியிலும் ஏறிவிட்டது. அவர்கள் சாமான்களைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, கேஸ் சிலிண்டரும் ரேஷன் கார்டுப் பையுமாக மேலே வந்தார்கள். 2015ஆம் வருஷத்தில் தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று அந்த வீட்டுப் பாட்டி சுவரில் கைவைத்துக் காட்டினார். செல் உயிரோடு இருந்தவரை செய்தி பார்த்தோம்: ஏர்போர்ட் ஓடுபாதையிலேயே வெள்ளம், விமானங்கள் நிறுத்தம்.

இப்போது ஹாலில் பிள்ளைகள் மூன்று பேர். மூன்றாவது படிக்கும் பெரியவன், எல்.கே.ஜி. சின்னவள், ஆறாவது படிக்கும் கீழ் வீட்டு அக்கா. செல்கள் ஒவ்வொன்றாக அணைந்த பிறகு ‘போர் அடிக்குது’ என்ற புலம்பல் வெகுநேரம் நடந்தது. நாங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. வேலை வேறு இருந்தது. சாயங்காலம் பார்க்கிறேன், சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் குப்புறக் கிடக்கின்றன. கேட்டால், போட்.

டிசம்பர் 5, செவ்வாய்

புயல் பாபட்லா பக்கம் கரையைக் கடந்தது என்று பக்கத்து வீட்டு ரேடியோ சொன்னது. மழை நின்றது. தண்ணீர்தான் நகரவில்லை.

இன்று முழுக்க அவர்களைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். கற்பனை என்றால் கட்டவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே நடப்பது பெரும்பாலும் பஞ்சாயத்து. தரை முழுக்கத் தண்ணீர். கால் வைத்தால் நனைந்தாயிற்று. சோபா, மொட்டை மாடி. மொட்டை மாடியிலிருந்து போட்டுக்கு நேராகக் குதிக்கலாமா, கயிறு வேண்டுமா? இதற்கே அரை மணி. அடுப்படிக்குப் போக வேண்டிய நானும் கால்மிதி கால்மிதியாகத் தாண்டித்தான் போனேன். ஒரு தடவை மறந்து தரையில் நடந்ததற்கு, ‘அம்மா நனைஞ்சிட்டாங்க’ என்று துண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பி.எட். படித்தபோது லெவ் விகோட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளரைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். விளையாட்டைப் பற்றி 1933இல் லெனின்கிராடில் அவர் ஆற்றிய உரை ஒன்று உண்டு. கற்பனை விளையாட்டு எதுவும் விதியில்லாமல் நடப்பதில்லை என்பது அதில் முக்கியமான வாதம். குச்சி எதுவானாலும் குழந்தைக்குக் குதிரையாகும், அஞ்சலட்டை ஆகாது என்றும் சொல்லியிருப்பார். அட்டையில் ஏறி உட்கார முடியாதே. அன்று மதிப்பெண்ணுக்கு எழுதியது இன்று ஹாலில் நடக்கிறது. துடுப்புக்கு முறம் சரி, கிரிக்கெட் மட்டை சரி. பெரியவன் ஸ்கேலை எடுத்தான், அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “அது தண்ணியத் தள்ளாதுடா.”

நம் பக்கமும் இது பழைய சங்கதிதான். பட்டினப்பாலையில் புகார் நகரத்துச் சிறுவர்கள் உருட்டுகிற மூன்று சக்கரச் சிறுதேருக்குக் குதிரை கிடையாது. இல்லாத குதிரை அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு குறையாக இருந்திருக்காது. ரிமோட் கார் இரண்டும் ஷெல்பில் தூங்குகின்றன. அவை காராக மட்டுமே இருக்கத் தெரிந்தவை.

டிசம்பர் 6, புதன்

தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம். பால் பாக்கெட்டுக்காக இவர் முழங்கால் தண்ணீரில் மெயின் ரோடு வரை போய் வெறுங்கையோடு வந்தார். கடுங்காப்பி.

சின்னவள் இரண்டு நாளாக ஒப்புக்குச் சப்பாணி. போட்டில் உட்கார வைப்பார்கள், அவளுக்கென்று ஒரு வேலையும் இருக்காது. இன்று ஓவென்று அழுததும் அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். “நீதான் கரண்ட். நீ கை தட்டினா கரண்ட் வந்துரும், எல்லாரும் வீட்டுக்குப் போயிரலாம்.” ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். தொல்லை ஒழிந்தது என்று நினைத்திருப்பார்கள். ஆட்டத்தை முடிக்கும் அதிகாரமே தன் கைக்கு வந்துவிட்டதைச் சின்னவள் ஐந்து நிமிஷத்தில் புரிந்துகொண்டாள். கை தட்டவே இல்லை. கெஞ்சினார்கள். “டிரான்ஸ்பார்மர்ல தண்ணி நிக்குது.” பிஸ்கட் லஞ்சம் கொடுத்தார்கள். வாங்கித் தின்றுவிட்டு, “செக் பண்ணிட்டிருக்கோம்” என்றாள். பால்கனியில் நாங்கள் பேசுவதையெல்லாம் எப்போது கேட்டாளோ!

மாமாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஓய்வுபெற்ற பௌதிக வாத்தியார். துடுப்பைப் பின்னால் தள்ளினால் படகு ஏன் முன்னால் போகிறது என்று நியூட்டனின் மூன்றாம் விதியைத் தொடங்கினார். மூவரும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்கள். ஆட்டம் அப்படியே படுத்துவிட்டது. அவர் முடித்ததும் அக்கா, “தாத்தா, நீங்க மாடியில மாட்டிக்கிட்டவரு. நாங்க வர்ற வரைக்கும் அங்கயே இருங்க” என்று சோபாவைக் காட்டினாள். அவரும் போய் உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து அங்கிருந்து ஒரு குரல்: “ஏம்மா, என் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சு, யாராவது வர்றீங்களா?” போட் உடனே கிளம்பியது. வாத்தியாராக அவரால் நிறுத்த முடிந்த ஆட்டத்தை நோயாளியாக அவரே கிளப்பிவிட்டார். இதை அவரிடம் சொல்லவில்லை, சந்தோஷமாக இருந்தார்.

டிசம்பர் 7, வியாழன்

தண்ணீர் வடிந்து சேறு தெரிகிறது. கீழ் வீட்டார் பகலெல்லாம் அலசித் தள்ளினார்கள். மெத்தை போனது, பிரிட்ஜ் போனது. அந்தப் பெண்ணின் நோட்டுகள் ஊறிப் பொதபொதவென்று கிடந்தன. அவற்றை மாடிக் கைப்பிடிச் சுவரில் விரித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நேராக வந்து போட்டில் உட்கார்ந்தாள். இன்று யாரைக் காப்பாற்றப் போகிறோம் என்று பெரியவன் கேட்டதற்கு, “நோட்டு, புஸ்தகம்” என்றாள். மூன்று நடை போனார்கள்.

இரவு எட்டு மணி இருக்கும், நிஜக் கரண்ட் வந்தது. தெருவே ஓவென்று கத்தியது. சின்னவள் மட்டும் ஸ்டூலைவிட்டு இறங்காமல், கண் கலங்க, “நான் இன்னும் விடவே இல்ல” என்றாள்.

பெரியவன் டிவி ரிமோட்டை எடுத்தாகிவிட்டது. அக்கா யோசித்தாள். “அது பெரியவங்க கரண்ட். நம்ம ஊருக்கு இன்னும் வரல” என்று தீர்ப்புச் சொல்லி ரிமோட்டைப் பிடுங்கி வைத்தாள். ஹால் விளக்கை அணைக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. அணைத்தேன். கொசு பிய்க்கிறது, ஃபேனாவது போட்டுக்கொள்ளலாமா என்று ஸ்டூலைப் பார்த்துக் கேட்டேன்.

“ஒரு ஃபேன்” என்றாள். “ரெண்டுல வைங்க.”