மைக் உன் கையிலேயே இருக்கட்டும்

வடக்கு உகாண்டாவில் இந்த வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கிருந்த ஒரே தகுதி, அச்சோலி என் தாய்மொழி என்பது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் இருப்பது நெதர்லாந்தின் ஹேக் நகரில். கிளர்ச்சிப் படைத் தளபதி டொமினிக் ஓங்வென் மீதான வழக்கோ பெரும்பாலும் பஜுலே, ஓடெக், லுக்கோடி, அபோக் ஆகிய ஊர்களில் இருந்த இடம்பெயர்ந்தோர் முகாம்கள் தாக்கப்பட்டதைப் பற்றியது. ஹேக்கில் நடக்கும் விசாரணையை இங்கே மாமரத்தடியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பேசத் தெரிந்தால் போதாதா என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கற்றுத்தந்தவர் வானொலியில் பல காலம் இருந்தவர். மேடம் என்றுதான் கூப்பிடுவோம். வந்ததும் அவர் என்னைப் பேச விடவில்லை, ஜன்னலை மூடச் சொன்னார். விசாரணைக் காட்சிகளைப் பள்ளி வகுப்பறையில் திரையிடுவோம். பகல் வெளிச்சம் துளி விழுந்தாலும் நீதிபதியின் முகம் வெளுத்துப்போகும். போர்வையை ஆணியில் மாட்டி, ஓரத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சூடு தட்டினால் அங்கே இடுக்கு இருக்கிறது. ஜெனரேட்டரை கேபிள் எட்டும் மட்டும் தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாட்சியின் குரலை அதன் இரைச்சல் விழுங்கிவிடும்.

பிறகு மைக். கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் கை நீட்டினார், மரியாதையாகக் கொடுத்துவிட்டேன். அவர் முகாம் காலம் முழுவதையும் சொல்லி முடிப்பதற்குள், பின்னால் பாயில் இருந்த பெண்கள் அடுப்பு மூட்ட எழுந்து போய்விட்டார்கள். "மைக் உன் கையிலேயே இருக்கட்டும். வாய்க்கு நேராக நீ பிடி, பேசுகிறவர் பேசட்டும்" என்றார் மேடம். மணிக்கட்டு கடுக்கும். பாயில் இருப்பவர்களிடம் போனால் குந்திக்கொள்ள வேண்டும். நின்றபடி மைக்கை நீட்டினால் எந்த அம்மாவும் வாய் திறக்க மாட்டார் என்பது எனக்குப் புரியவே வெகுநாள் ஆயிற்று.

குற்றச்சாட்டுகள் மொத்தம் 70. அவற்றை வரிசையாக வாசித்துக் கூட்டத்தைத் தூங்க வைத்திருக்கிறேன். "லுக்கோடிக்காரர்களிடம் அவர்கள் முகாம் தாக்கப்பட்ட 2004 மே 19-ல் தொடங்கு" என்று திருத்தினார்.

எல்லாவற்றையும்விட என்னை வாட்டியது அட்டியாக்கைச் சேர்ந்த ஒரு மூதாட்டி. 1995 ஏப்ரலில் அங்கே நடந்த படுகொலையில் மகனை இழந்தவர். "என் பிள்ளை பெயரையும் சேர்ப்பார்களா?" என்றார். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று எப்படிச் சொல்வது? "சொல்லிப் பார்க்கிறேன், அம்மா" என்றேன். திரும்பும் வழியில் மேடம் கேட்டார்: "யாரிடம் சொல்வாய்?" 2002 ஜூலை 1-க்கு முன் நடந்த எதையும் இந்த நீதிமன்றம் விசாரிக்க முடியாது. அது எனக்கும் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மா மகனின் புகைப்படத்தோடு வந்தார், அண்டை வீட்டுக்காரியையும் அழைத்து வந்தார். மேடம் எனக்காகப் பேச மறுத்துவிட்டார். நானே பக்கத்தில் உட்கார்ந்து, முடியாது என்றும் ஏன் முடியாது என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு உடனே எழுந்துவிடக் கூடாது என்பதும் பாடம். அவர் திட்டினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏதோ பிடிபட்டது தீர்ப்புக்குப் பிறகுதான். "ஓங்வென் பள்ளிக்குப் போன சிறுவனாக இருந்தபோதே அவனைக் கடத்திக்கொண்டு போனார்கள். அன்று காப்பாற்றாதவர்கள் இன்று அவனுக்குத் தண்டனை கொடுப்பதா?" என்று ஒருவர் சீறினார். முன்பென்றால் நீதிமன்றத்துக்காக வாதாடியிருப்பேன். இம்முறை நடந்ததை மட்டும் சொன்னேன்: இதே கேள்வியை ஓங்வெனின் வழக்கறிஞர்களும் கேட்டார்கள்; மிரட்டலுக்குப் பணிந்தே செய்தார் என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை; 2021 பிப்ரவரி 4-ல் 61 குற்றங்கள் நிரூபணமானதாக அறிவித்தார்கள்; ஆனாலும் அந்தக் கடத்தலைக் கணக்கில் கொண்டு, மே மாதம் ஆயுள் தண்டனைக்குப் பதில் 25 ஆண்டு விதித்தார்கள். சீறியவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் உட்கார்ந்து இன்னொரு கேள்வி கேட்டார். மேடம் குறுக்கிடவே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, பெருமைதான், வேறென்ன.

இப்போது எங்கே போனாலும் இழப்பீடு பற்றித்தான் பேச்சு. 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி உத்தரவுப்படி, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் அடையாளத் தொகையாக 750 யூரோ. அதோடு ஊர்களுக்குப் பொதுவான மறுவாழ்வுத் திட்டங்களும் உண்டு. மொத்தம் 5 கோடியே 20 லட்சம் யூரோவுக்கு மேல். ஓங்வெனிடம் பணமில்லை, பாதிக்கப்பட்டோருக்கான அறக்கட்டளை நிதியம் நன்கொடை திரட்ட வேண்டும். "எப்போது கிடைக்கும், தம்பி?" என்று ஒரு தாத்தா கேட்டார். தேதி கிடையாது என்றேன். "அப்புறம் எதற்கு வந்தாய்?"

"பெயர் பதிய என்று யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள், தாத்தா. அதற்குக் கட்டணமே இல்லை."

கூட்டத்தில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டியில் ஏறும்போது மேடம் சொன்னார்: "அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்."