சுவரில் தொங்கிய எண்

டோபி காட் பெருவிரைவு ரயில் நிலையத்தில் இறங்கும்போதெல்லாம் அதன் பெயரைப் பலகையில் தமிழில் ஒருமுறை படித்துக்கொள்வது என் வழக்கம். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் முற்காலத்தில் இங்கிருந்த ஓடையில் துணி வெளுத்தார்கள்; அவர்களது துறையே இடப்பெயராயிற்று. ஜொகூரில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனாக இருக்கும் நான், பாலம் கடந்து வரும் சனிக்கிழமைகளில் என் தம்பியைச் சந்திப்பது இங்கேதான்.

2023ஆம் ஆண்டு அவனுக்கு வேலை போயிற்று. வயது நாற்பத்தொன்பது. தூக்கம் கெட்டது, தலைவலி, நெஞ்செரிச்சல் என்று இப்பகுதியிலுள்ள ஒரு மருந்தகத்துக்கு மும்முறை சென்றான். மும்முறையும் மாத்திரை கிடைத்தது. அவன் அமர்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரே, மன உளைச்சலில் இருப்போர் அழைக்க வேண்டிய எண் ஆங்கிலச் சுவரொட்டியாகத் தொங்கியதாம். "பார்க்கவில்லையா?" என்று பின்னொருநாள் கேட்டேன். "பார்த்தேன் அண்ணே. அது வேறு யாருக்கோ என்று நினைத்தேன்" என்றான்.

அவன்மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடங்களுள் ஒன்று, விளக்கப்படத்தைச் சுவரில் மாட்டுவது கற்பித்தல் ஆகாது என்பது. ஒரு வாரம் கழிந்தால் மாணவன் கண்ணுக்கு அப்படமும் சுவராகிவிடும். ஆசிரியர் அதைச் சுட்டிக்காட்டி, "இது உனக்கு" என்று சொன்னால்தான் அது பாடம்.

நான்காம் முறை சென்றபோது மருந்து எடுத்துக் கொடுத்த மூத்த தாதி ஒருவர் அவனைச் சற்று நிறுத்தி, "தம்பி, இரவெல்லாம் விழித்துக்கொண்டு என்ன நினைக்கிறீர்கள்? செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று தமிழில் கேட்டார். நான் அங்கிருந்திருந்தால் பதறியிருப்பேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்றே நம்மில் பலர் நம்புகிறோம். அது தவறென்று ஆய்வுகள் காட்டியுள்ளன. என் தம்பி அழுதான். அவர் மருந்துப் பையின் பின்புறத்தில் 1767 என்று எழுதி, "நள்ளிரவிலும் எடுப்பார்கள், பெயர் சொல்லத் தேவையில்லை, போலீஸ் வழக்கு ஆகாது" என்றார்.

அக்கடைசிச் சொல் முக்கியமானது. தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் குற்றமாக இருந்தது. அச்சட்டப் பிரிவு 2020 ஜனவரி முதல் நாளில்தான் நீங்கியது. எங்கள் மலேசியாவில் அது நீங்கியது 2023இல். சட்டம் போனாலும் அதன் அச்சம் எங்கள் தலைமுறையின் எலும்பில் இருக்கிறது. அதைப் போக்கச் சுவரொட்டிக்கு வாயில்லை.

அந்த எண் சமாரிட்டன்ஸ் எனப்படும் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தினுடையது. 1953இல் லண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார் தொடங்கிய பணியின் வழியில், 1969இல் இங்கு உருவான அமைப்பு. முன்பு அதன் எண் நீளமானது; 2022இல் நான்கு இலக்கமாகச் சுருக்கினார்கள். தொலைபேசிப் பொத்தான்களில் 767 என்பது ஆங்கிலத்தில் எஸ்.ஓ.எஸ். என்று வருமாம். நல்ல யோசனைதான், ஆனால் ஆங்கில எழுத்தறியாத என் தாயாருக்கு அது எங்ஙனம் நினைவிலிருக்கும்? அதே 2022இல் இந்நாட்டில் 476 பேர் தற்கொலையால் மாண்டனர். 2025 ஜூனில் 1771 என்னும் தேசிய மனநல உதவி எண்ணும் வந்துள்ளது. அதுவும் இரவு பகல் இயங்குகிறது. எண்களுக்குக் குறைவில்லை.

தற்கொலையால் இறந்தோரைப் பற்றிய பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளிவந்த கட்டுரையொன்று, ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் தம் இறுதி மாதத்தில் பொது மருத்துவர் ஒருவரைச் சந்தித்திருந்தனர் என்கிறது. தலைவலி என்றும் வயிற்றுவலி என்றும்தான் நம்மவர் வருவர். மனம் நோகிறது என்று எவரும் வரிசையில் நிற்பதில்லை. மருத்துவருக்கு நேரமில்லை என்பதை நான் அறிவேன். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவனுக்கு அது தெரியாதா? எனினும் அத்தாதிக்கு ஆனது மூன்று நிமிடம்.

தம்பி அன்றிரவு இரண்டு மணிக்கு அழைத்தான். என்ன பேசினான் என்று நான் கேட்டதில்லை. மறுநாள் காலை எனக்கும் அழைத்தான்.

அடுத்த மாதம் எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். எங்கள் நாட்டிலும் 15555 என்றோர் எண் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச அருகிலுள்ள அரசு மருந்தகத் தாதி ஒருவரை அழைத்திருக்கிறேன். சுவரொட்டிகள் அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டார். அனுப்புங்கள், ஆனால் நீங்களும் வந்து தமிழில் சொல்லுங்கள் என்றேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.